சிக் ரூமுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, இந்த ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் நர்ஸாகச் சேர்ந்தேன். நைட் டியூட்டி இல்லை, ஞாயிறு லீவு என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை வந்தால் கூடவே கேஸ் ஷீட்டும் வரும். எடை எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்னால் என்ன வந்தது, எல்லாம் அதில் இருக்கும். இங்கே ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். ஒருவரைப் பற்றியும் என் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அட்மிஷன் ஃபாரத்தில் 'ஏதேனும் நோய் உண்டா?' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஃபாரம் ஆபீஸ் பீரோவில். கேட்டால், "அதெல்லாம் வெளியே குடுக்கக் கூடாது சிஸ்டர்" என்கிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. பிள்ளை மயங்கி விழுந்தால் தூக்க வேண்டியவளுக்குமா சொல்லக் கூடாது?

பிரேயரில் ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்தது. நான் ஓடிப்போவதற்குள் ஒருவர் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே ஸ்பூன் வைக்கப் போனார். இரண்டுமே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூட்டத்தை விலக்கி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தானாக அடங்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நல்லவேளை, சீக்கிரம் அடங்கியது. அவன் அம்மா வந்து அழுதார். "ரொம்ப நாளா மாத்திரை குடுக்கறோம் சிஸ்டர். சொன்னா சீட் கிடைக்காதுன்னு பயந்து எழுதலை." அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படி ஒரு பயத்தைப் பெற்றவர்களுக்கு உண்டாக்கி வைத்திருக்கும் பள்ளிகள் மேல்தான் கோபம்.

டைப் 1 சர்க்கரை உள்ள ஒரு பெண் மதியம் டாய்லெட்டுக்குள் போய் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விஷயம் தெரியாத டீச்சர், கிளாஸில் தூங்கி வழிகிறாள் என்று அவளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். பொதுத்தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017இலேயே சொல்லிவிட்டது. தினசரி வகுப்பறைக்கு அந்த இரக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

பாராசிட்டமால் சிரப்கூட எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. எடை மெஷின் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும் என்றார்கள். ஆனால் டீச்சர் லீவு போட்டால் கிளாஸைப் பார்த்துக்கொள்ள மட்டும் உடனே கூப்பிடுகிறார்கள், சிக் ரூமைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி. இளைப்பு வந்த பிள்ளை அந்த நேரத்தில் எங்கே போகும்? அரசுப் பள்ளிகளுக்காவது 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. கட்டணம் வாங்கும் எங்கள் பள்ளிக்கு அதுவும் இல்லை.

பெற்றோர்களே, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து நேராக நர்ஸ் கையில் கொடுங்கள்: நோய், மருந்து, அளவு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். நிர்வாகிகளே, அந்தத் தாளைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் சீட் மறுக்காதீர்கள்.