வெள்ளை மேலங்கி அணியும் முன்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் எங்களிடம் எல்லோரும் கேட்பது, "இஸட் புள்ளி எவ்வளவு வரும்?" என்பதைத்தான். "நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வாய்?" என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியையும் இப்போதே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் இருக்கிறது. அதன் மாணவர்கள் இரத்தினபுரி போதனா வைத்தியசாலையில் பயிற்சி பெறுகிறார்கள். அங்கு வரும் நோயாளர்களில் கொழுந்து பறிப்பவர்களும் இறப்பர் பால் வெட்டுபவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குத் தமிழில்தான் நோயை விளக்கிச் சொல்ல முடியும். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. இருந்தும் வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடும் நிலை இன்னும் மாறவில்லை. சில வேளை நோயாளியின் சின்ன மகளே மொழிபெயர்க்கிறாள். கருச்சிதைவையும் கணவன் அடித்ததையும் ஒரு தாய் தன் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்விப்பாள்?

நாளை இரு மொழியும் தெரிந்த நம்மைத்தான் அழைப்பார்கள். அப்போது சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். "மலை ஏறினா நெஞ்சு அடைக்குது, உக்காந்தா சரியாகுது" என்பதை "நெஞ்சு வலியாம்" என்று சுருக்கினால், இதய நோயைக் காட்டும் முக்கியமான அடையாளமே தொலைந்துவிடும்.

அடுத்தது இரகசியம். ஒரே சுவரைப் பங்கிடும் லயத்தில் ஒரு செய்தி பரவ வெகுநேரம் ஆகாது. வார்டில் எடுத்த ஒரு படம், வட்ஸ்அப்பில் எழுதிய ஒரு வரி, ஒரு பெண்ணின் வாழ்க்கையையே குலைக்கலாம். நோயாளி நம்மிடம் சொல்வது அமானிதம்.

மூன்றாவது மரியாதை. தாயின் வயதுடையவரை "நீ, வா, போ" என்பது கூடாது. "நான் மாணவி, உங்களைப் பரிசோதிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். அவர் மறுத்தால் ஏற்க வேண்டும். நெரிசலான வார்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் இடையில் எத்தனை விநாடி? ஏச்சு வாங்கியவர் அடுத்த கிளினிக்குக்கு வரத் தயங்குவார். பிரஷர் மாத்திரை நின்றுபோகும். அதன் பிறகு வீணாகும் நேரமே அதிகம்.

உலக மருத்துவ சங்கம் 1948இல் வெளியிட்ட ஜெனிவா பிரகடனம், இனமும் மதமும் பார்க்காமல் சிகிச்சை அளிப்பதையும் இரகசியம் காப்பதையும் வைத்தியரின் உறுதிமொழியாக்கியது. 2017இல் நோயாளியின் கண்ணியமும், தன் விடயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமையும் அதில் சேர்க்கப்பட்டன. மாணவர்கள் இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லைதான். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர், நாம் முதலாம் வருடமா இறுதி வருடமா என்று பார்ப்பதில்லை. வெள்ளை மேலங்கியைப் பார்த்து நம்புகிறார்.

இந்தப் பழக்கங்கள் பீடத்தில் காலடி வைத்த அன்றே வந்துவிடா. தோழி அழுதுகொண்டு சொன்னதை அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோகாதவளே நாளை நோயாளியின் இரகசியத்தையும் காப்பாள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: நாளை உங்கள் மகள் வார்டிலிருந்து வீடு திரும்பும்போது, "நம்ம ஊர் ஆள் யார் வந்தது, என்ன வருத்தமாம்?" என்று கேட்காதீர்கள். கேட்டாலும், அவள் பதில் சொல்லாததற்காகக் கோபிக்காதீர்கள்.