கும்பகோணம் ரோடும் எங்கள் ஊரும்

எங்கள் பக்கத்தில் இந்தச் சாலையை எண் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. கும்பகோணம் ரோடு என்றால் போதும். வடக்கே பஸ் ஏறுகிறவருக்கு அதுவே மெட்ராஸ் ரோடு. மஞ்சள் தலை மைல்கல்லில் 45சி என்றிருந்ததை 36 என்று மாற்றியபோதும் யாரும் கண்டுகொள்ளவில்லை. விக்கிரவாண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரிந்து பண்ருட்டி, காடாம்புலியூர், நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் என்று தஞ்சாவூர் போய்ச் சேர ஏறத்தாழ 165 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரே கோடுதான். திருவள்ளுவர் பஸ்ஸிலும் சோழன் பஸ்ஸிலும் போன நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அது ஒரே சாலையாக இருந்ததே இல்லை.

கண்டரக்கோட்டையில் தென்பெண்ணைப் பாலம் வரைக்கும் ஒரு மாதிரி ஓடும். பண்ருட்டிக்குள் நுழைந்தால் கடைத்தெருவாகிவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் செம்மண் மேடு, இருபுறமும் முந்திரியும் பலாவும். வடலூரில் கடலூர் – விருத்தாசலம் சாலை குறுக்கே வரும். தைப்பூசத்தன்று அது சாலையே அல்ல, மனித வெள்ளம். சேத்தியாத்தோப்பில் வெள்ளாறு. அணைக்கரையில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. அதன் மேலிருக்கும் குறுகிய பாலத்தில் எதிர்ப்பக்க வண்டிகள் வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேர்க்கடலை வாங்காதவர் யார்?

இத்தனை முகம் மாறினாலும் பழைய சாலையில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஊர் வந்தால் சாலை தானாகச் சுருங்கும், ஓட்டுநரும் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவார். இருபுறமும் புளியமரம், சுண்ணாம்புப் பட்டை, எண். புளி ஏலம் விடும் நாளில் அதுவே ஒரு திருவிழா. இப்போது சாலையின் முகம் ஊரைப் பார்த்து மாறவில்லை, ஒப்பந்தத்தைப் பார்த்து மாறுகிறது. நான்கு வழியாக்கும் வேலையை மூன்று துண்டாகப் பிரித்தார்கள்: விக்கிரவாண்டி – சேத்தியாத்தோப்பு சுமார் 66 கிலோமீட்டர், சேத்தியாத்தோப்பு – சோழபுரம் 50, சோழபுரம் – தஞ்சாவூர் 48. தெற்குத் துண்டுகள் முதலில் உருப்பெற்றன. நம்முடைய வடக்குத் துண்டுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நான்கு வழியில் பறந்து வந்தவன், திடீரென்று இரண்டு வழியும் மண்மேடும் மாற்றுப்பாதைப் பலகையுமாக வரும் இடத்தில் அதே வேகத்தில் நுழைகிறான். அவன் கண்ணும் காலும் அகலச் சாலைக்குப் பழகிவிட்டன. குறுகப் போகிறது என்று ஒரு கிலோமீட்டர் முன்பிருந்தே சொல்ல வேண்டாமா?

இந்தச் சாலையோரத்தில் பாதியில் நின்ற வேலை எங்களுக்குப் புதிதல்ல. பழைய வீராணம் திட்டத்துக்கென்று வந்த ராட்சத சிமெண்ட் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன; அதற்குள் குடித்தனமே நடத்தினார்கள். பிறகு 2004-இல் புதிய வீராணம் வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு வரும் நீரைச் சுத்திகரித்து எங்கள் காடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். இங்கிருந்து சென்னை போரூர் வரை பம்பு இல்லாமல் தானாகவே இறங்கிப் போகிறது. தண்ணீருக்கு எங்கள் ஊரின் மேடு பள்ளம் தெரிந்து வேலை செய்த நாடு, சாலைக்கும் அதைச் செய்யலாம் அல்லவா?

நான் சாலைக்கு எதிரியல்ல. வடலூரில் வேலை பார்த்த காலத்தில் எதிரே லாரி வந்தால் பஸ் மண்ணில் இறங்கி ஏறியதெல்லாம் உடம்பில் இருக்கிறது. என் கவலை, சாலையில் போகிறவரைப் பற்றியல்ல, குறுக்கே நடக்கிறவரைப் பற்றி. பழைய தார் அகலம் 7 மீட்டர். என்னைப் போன்றவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 7 நொடி. நான்கு வழியில் தோள்பட்டையையும் சேர்த்து ஒரு பக்கம் மட்டுமே எட்டரை மீட்டர். கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரலாம் என்பது சட்டமே அனுமதிப்பது. நான் ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் அது சுமார் 235 மீட்டர் வந்துவிடும். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்ணால் 235 மீட்டருக்கு அப்பால் வருகிற வண்டியின் வேகத்தை எடைபோட வேண்டும். பிறகு நடுவில் நின்று, மறுபக்கத்துக்கும் அதே கணக்கு.

வியாபாரமும் இருக்கிறது. இங்கே பலாவும் முந்திரியும் விற்பது சாலையோரத்தில்தான். பெரும்பாலும் வாங்குகிறவர்கள் கோயில் குளம் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பும் குடும்பங்கள். நடுவே தடுப்பு எழும்பிய இடங்களில் சென்னைப் பக்கக் கடைக்குத்தான் யோகம். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் என்ன பாவம் செய்தார்? தடுப்பில் இடைவெளி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிரே இருக்கும் வீட்டுக்குப் பழம் ஏற்றிப்போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதனால்தான் மொபெட்டுகள் எதிர்த்திசையில் வருகின்றன. "ஒழுக்கம் இல்லாத ஜனங்கள்" என்று காரில் போகிறவர்கள் திட்டுகிறார்கள். பெட்ரோல் போட்டுச் சுற்றச் சொன்னால் அவர்களும் இப்படித்தான் வருவார்கள்.

பெரிய ஊருக்குப் புறவழிச்சாலை கிடைக்கிறது. சிறிய ஊர் கேட்பது அவ்வளவு இல்லை. இருபுறமும் முழு நீளத்துக்கு சர்வீஸ் ரோடு, பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அருகில் மாட்டுவண்டியும் போகிற ஒரு சுரங்கவழி, இரவில் எரிகிற விளக்கு, பழம் வாங்க நிறுத்தும் கார்களுக்கு ஓரமாக ஒரு இடம். இவற்றைத் தார் போட்டு முடித்த பிறகு கேட்டால் "திட்டத்தில் இல்லை" என்பார்கள். மே 1 கிராம சபை பலா சீசனில் வருகிறது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறேன். பனிக்கன்குப்பம், வடக்குத்துப் பக்கத்து நண்பர்களும் அவரவர் சபையில் இதே தாளை வைத்தால் நல்லது.