ஒரு துளி இரத்தம் பார்க்காத குற்றம்

திருகோணமலை மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் இரத்தத்தில் சீனி குறைந்து வலிப்புக் கண்டார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு வைத்தியசாலை வாசலிலேயே சீனி பார்க்கப்பட்டது? எத்தனை பேர் மூளை பாதிக்கப்பட்டு வீடு திரும்பினார்கள்? சுகாதார அமைச்சிடம் பதில் இருந்தால் இன்றே வெளியிடட்டும். இல்லையென்றால், கணக்கே எடுக்காமல் இத்தனை காலம் இருந்ததற்கு அமைச்சும் கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களமும் பொறுப்பேற்க வேண்டும்.

பிறந்து ஓரிரு நாளான பிள்ளைக்குச் சீனி இறங்கினால் தலை சுற்றுகிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாது. கைகால் இலேசாக நடுங்கும், உடம்பு சில்லிடும், பாலை இழுத்துக் குடிக்காமல் தூங்கி விழும். ‘பிள்ளை கரைச்சல் தராம நல்லா நித்திரை கொள்ளுது’ என்று பார்க்க வந்தவர்கள் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதன் மூளை பட்டினி கிடக்கலாம். நிறை குறைந்த பிள்ளைகள், மாதம் நிறையாத பிள்ளைகள், சீனி வருத்தம் உள்ள தாய்மாரின் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். இலங்கையில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு என்று 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வு காட்டியது. எங்கோ யாருக்கோ வரும் அரிய நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். குதிக்காலில் சிறு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு துளி, குளுக்கோமீட்டரில் சில விநாடி. வலிப்போடு வந்த கைக்குழந்தைக்குச் சீனி குறைவென்று தெரிந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் வீதம் நாளத்தில் ஏற்றுவார்கள். பல வேளை சில நிமிடங்களில் பிள்ளை கண் திறக்கும்.

தெரிந்தும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பீகாரின் முசாபர்பூர் சாட்சி. 1990களின் நடுப்பகுதி முதல் அங்கே கோடை தோறும் விடியற்காலையில் பிள்ளைகள் வலிப்பு வந்து விழுந்தார்கள். பலர் சில மணி நேரத்திலேயே இறந்தார்கள். வைரசு என்றார்கள், வெயில் என்றார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டி. ஜேக்கப் ஜான், நச்சியல் ஆய்வாளர் முகுல் தாஸுடன் சேர்ந்து, இது லிச்சிப் பழத்தின் நச்சு இரத்தச் சீனியை இறக்குவதால் வரலாம் என்று 2014இல் எழுதினார். அந்த ஆண்டு மே கடைசியிலிருந்து யூலை நடுப்பகுதி வரை இரண்டு வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டவர்கள் 390 பேர். இறந்தவர்கள் 122 பேர். இந்திய, அமெரிக்க நோய்த் தடுப்பு நிறுவனங்களின் கூட்டு ஆய்வு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தபோது அந்த ஐயம் உறுதியானது. இரவுச் சாப்பாடு இல்லாமல், தோட்டத்தில் விழுந்த பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்த பிள்ளைகளே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். இரவில் சோறு கொடு, வந்த உடனே சீனி பார், குறைந்திருந்தால் ஏற்று என்பதே நிபுணர்கள் சொன்ன வழி. அதன்படி நடந்த ஆண்டுகளில் சாவு குறைந்தது. ஆனால் எழுதி வைத்த விதி கிராமத்துச் சுகாதார நிலையங்களில் வேரூன்றவில்லை. 2019இல் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு அறியாமையைக் காரணம் காட்ட எவருக்கும் உரிமை இல்லை.

நமது நாட்டிலும் விதி இருக்கிறது. புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கான தேசிய வழிகாட்டலில் இரத்தச் சீனி பற்றி எழுதியிருக்கிறார்கள். அது ஈச்சிலம்பற்றில் நள்ளிரவு ஒரு மணிக்கு நடக்கிறதா என்பதை யார் பார்க்கிறார்கள்? அங்கே வலிப்புக் கண்ட பிள்ளை மூதூரைத் தாண்டி, கொட்டியார்க் குடாவைச் சுற்றித் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வர வேண்டும். சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால் கொழும்பு வரை இன்னும் 250 கிலோமீற்றருக்கு மேல். முதல் வைத்தியசாலையில் பார்க்காத சீனியைக் கடைசி வைத்தியசாலையில் பார்ப்பதில் என்ன பலன்?

சீனி எந்த எண்ணுக்கு இறங்கினால் சிகிச்சை தொடங்குவது என்பதில் நிபுணர்களிடையே விவாதம் உண்டு. 2020இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று அதை மேலும் கிளறியது. ஆனால் ஆபத்துள்ள பிள்ளைக்கு அளந்து பார்க்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் 242 பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், சீனி குறைந்த பிள்ளையின் கன்னத்து உட்பக்கத்தில் டெக்ஸ்ட்ரோஸ் ஜெல் தடவித் தாய்ப்பால் கொடுக்கச் செய்தார்கள். சீனி குறைவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 25 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்காத, மலிவான வைத்தியம். நம் பிரசவ விடுதிகளுக்கு இதைவிடப் பொருந்தும் ஆய்வு வேறு எது?

சீனிக் குறைவின் இன்னொரு வகையையும் சொல்லாமல் விட முடியாது. சீனி இறங்கிய பிறகும் கணையம் இன்சுலினை நிறுத்தாமல் சுரக்கும் பிறவிக் கோளாறு அது. மாற்று எரிபொருளான கீட்டோனையும் அந்த இன்சுலின் உண்டாக விடாது. பொதுவாகப் பல்லாயிரம் பிறப்பில் ஒன்றாக வரும் இந்நோய், நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் செய்யும் சமூகங்களில் 2,500க்கு ஒன்று வரை காணப்பட்டிருக்கிறது. மச்சான் மச்சாள் கலியாணம் இங்கே தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் நடப்பதுதான். அதைச் சொல்லிப் பெற்றோரைக் குற்றவாளியாக்க நாம் விடமாட்டோம். இப்படிப்பட்ட மாவட்டத்தில் இந்நோயைத் தேடாதவர்களே பதில் சொல்ல வேண்டும். சிலருக்கு டயசொக்சைட் மருந்தே போதும், சிலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். யாருக்கு எது என்று பிரிக்க மரபணுச் சோதனை உதவும்.

திருகோணமலைத் துறைமுகத்து 99 எண்ணெய்த் தாங்கிகளுக்காக 2022 சனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவையும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கையெழுத்திட்டார்கள். உலகம் தேடி வரும் இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு ஸ்ட்ரிப் இல்லை என்ற பேச்சு இனி எழக்கூடாது. மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை, ஈச்சிலம்பற்று வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் டெக்ஸ்ட்ரோஸும் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்க வேண்டும். வலிப்போடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் சீனி பார்த்து, எண்ணையும் நேரத்தையும் பதிய வேண்டும். அந்தப் பதிவுகளைக் கொண்டு, மட்டக்களப்பில் மருத்துவ பீடம் வைத்திருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் ஒழுங்கான ஆய்வு தொடங்க அமைச்சு பணம் ஒதுக்க வேண்டும். ஆய்வுக்குச் சம்மதம் கேட்கும் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டைத் தாயின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்; பிள்ளைக்குச் சீனி எவ்வளவு இறங்கியது, மறுபடி இறங்கினால் என்ன செய்வது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.