பெட்டி யார் சொல் கேட்கிறது?

பழைய டிஷ் ரிசீவரின் 'மெனு'வைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கைப்பேசியைத் தொட்டால் உலகமே வந்து நிற்கிற காலத்தில், நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வந்ததைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறீர்களே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழ்கிற நம் குடும்பங்களில், அந்தப் பெட்டியைக் கையாண்ட நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் பிடித்து 5150 என்றால் என்ன, 27500 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்லுவார். ரேஷன் கார்டு எண் அவருக்கு மறந்திருக்கும். இந்த எண்கள் மறந்திருக்கமாட்டா. ஏன் மறக்கவில்லை என்பதுதான் நாம் பேச வேண்டிய சங்கதி.

வானத்திலிருந்து தமிழ் இறங்கி வருவதற்கு முன்னால் நம் நிலை என்ன? ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். ஒரு வாரம் வங்காளி, ஒரு வாரம் மலையாளம், ஒரு வாரம் அசாமி. நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு மின்சாரம் போய்விட்டால் அடுத்த முறை எப்போதோ! 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டி.வி. தொடங்கியது. ஆனால் அது நம் வீட்டுக்கு வருவதும் வராததும் கேபிள்வாலாவின் கையில் இருந்தது. தமிழர் வீடு நூறு இருக்கிற இடத்தில் கொடுப்பான், பத்து இருக்கிற இடத்தில் "உங்களுக்காக ஒரு சேனலை வீணாக்க முடியுமா?" என்பான். நாம் கொடுக்கும் சந்தாப் பணம் மட்டும் மற்றவர் பணத்தைப் போலவே அவனுக்கு இனித்தது.

இந்த நிலையில்தான் டிஜிட்டல் ரிசீவர் வந்தது. நாலைந்து குடும்பங்கள் பணம் போட்டு, இந்திக்காரர் 'சத்ரி' என்று சொன்ன அந்த இரும்புக் குடையை மாடியில் நிறுத்தினோம். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த தம்பிமார் சிலர் பெட்டியைக் கையோடு கொண்டுவந்தார்கள். பூட்டுப் போடாமல் வானத்தில் கிடைத்த தமிழ்ச் சேனல்கள் அப்போது பல இருந்தன. பொதிகை என்றுமே இருந்தது.

அந்தப் பெட்டியின் ரிமோட்டில் 'மெனு' பொத்தானை அழுத்தினால் வருமே ஒரு பட்டியல், அதை நினைத்துப் பாருங்கள். முதலில் 'இன்ஸ்டலேஷன்'. உள்ளே போகச் சில பெட்டிகளில் ரகசிய எண் கேட்கும். நாலு பூஜ்யம் தட்டினால் திறந்துகொள்ளும். (ரகசியம் என்றால் இதுவல்லவோ ரகசியம்!) உள்ளே போனால் செயற்கைக்கோளின் பெயர். அதற்குக் கீழே எல்.என்.பி. எண் 5150. டிஷ்ஷின் முன்னால் மூக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. வேறொன்றும் செய்யவில்லை, கழித்தல் கணக்குத்தான் போடுகிறது. வானிலிருந்து 3700 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் வரை வருகிற அலையை 5150-இலிருந்து கழித்து, 950 முதல் 1450 வரை என்று சிறுத்துக் கம்பி வழியே கீழே அனுப்புகிறது. அதற்கும் கீழே அலைவரிசை எண், 'எச்' அல்லது 'வி', பிறகு சிம்பல் ரேட். பல சேனல்களுக்கு அது 27500. நொடிக்கு இரண்டு கோடியே எழுபத்தைந்து லட்சம் குறிகள் வந்து விழுகின்றன என்று பொருள். பத்தாவது படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் நாம். இந்தக் கணக்கை நமக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. தமிழ் கேட்க வேண்டும் என்ற ஆசையே சொல்லித் தந்தது.

திரையின் அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று 'ஸ்ட்ரெங்த்', மற்றொன்று 'குவாலிட்டி'. முதல் கோட்டை நம்பக் கூடாது. கம்பி சரியாக மாட்டியிருந்தால் போதும், டிஷ் எந்தத் திக்கைப் பார்த்தாலும் அது ஏறி நிற்கும். இரண்டாவது கோடு அசைந்தால்தான் படம். நம் சங்கங்களிலும் முதல் கோட்டு ஆட்கள் சிலர் உண்டு. சத்தம் தொண்ணூறு, சரக்கு பூஜ்யம். அது கிடக்கட்டும். ஒருவர் மாடியில் ஸ்பேனருடன், ஒருவர் படிக்கட்டில், ஒருவர் டி.வி. முன்னால். "வந்திடுச்சா?" "வந்துச்சு... போச்சு!" "இப்போ?" "கொஞ்சம் மேல!" முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற ஒன்றை ஒரு விரல்கடை அசைவில் பிடிப்பதும் விடுவதுமாக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். பம்பாயில் அந்த டிஷ்களில் பல தென்கிழக்கையே பார்த்து நின்றன. அது செயற்கைக்கோள் இருக்கிற திசை. நம் ஊர் இருக்கிற பக்கமும் ஏறக்குறைய அதுதான். சிவப்புக் கோடு பச்சையாகி, 'ஸர்ச்' ஓடி, சேனல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக விழும்போது கீழே நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

ஆனாலும் மெனுவிலேயே மேலான பக்கம் அதுவல்ல என்பது எங்கள் கருத்து. 'சேனல் எடிட்' என்று ஒரு பக்கம் இருந்தது. வேண்டாததை நீக்கலாம், வேண்டியதை மேலே தூக்கலாம், பெயரைக்கூட எழுத்தெழுத்தாக மாற்றி எழுதலாம். பொதிகையை ஒன்றாம் எண்ணில் வைத்தோம். அடுத்த வீட்டுத் தெலுங்கர் தம் மொழியை ஒன்றில் வைத்தார். எதிர்வீட்டு மராட்டியர் தம் மொழியை வைத்தார். ஒரே சாலில் மூன்று பெட்டிகள், மூன்று வரிசைகள். யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. பெட்டி யார் வீட்டில் இருந்ததோ அவர் சொல் கேட்டது. புது சேனல் வந்தால் அதன் எண்ணை முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்து, கல்யாணிலும் புனேயிலும் இருந்த நம்மவர்க்கு ரயிலிலேயே கொடுத்தனுப்பினோம். வண்டி எண்களைப் போல அந்த எண்களும் கைமாறிப் போயின.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவும் நாங்கள் தயாரில்லை. ஆடி மழைக்காற்றில் டிஷ் திரும்பிப் போனால் வாரக்கணக்கில் படமில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மெனுவின் மொழி. கொரியாவிலும் சீனாவிலும் செய்த அந்தப் பெட்டிகளில் ஆங்கிலம், பிரெஞ்சு, அரபி, ரஷ்யன் என்று மொழிப் பட்டியல் நீளும், தமிழ் இராது. அதனால் வீட்டில் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருவன் பெட்டிக்கு அதிகாரியானான். பகலெல்லாம் அப்பளம் இட்டும், தோல் பைகள் தைத்தும் உழைத்த தாய்மார்கள், சேனல் மறைந்துபோனால் அவன் வேலையிலிருந்து வரும்வரை வெறும் நீலத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி நம் வீட்டுக்கு வந்தது உண்மை. வீட்டில் எல்லார் கைக்கும் வரவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. தமிழ்ச் சேனல்கள் ஒவ்வொன்றாகக் கட்டணம் கேட்டுப் பூட்டிக்கொண்டன. 2012 அக்டோபர் 31-ஐக் கெடு நாளாக வைத்து, பம்பாய், டில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கேபிளுக்கும் செட்டாப் பெட்டி கட்டாயம் என்றார்கள். படம் தெளிவானது, மறுக்கவில்லை. புதுப் பெட்டியிலும் மெனு இருந்தது. ஆனால் உள்ளே போனால் மாற்றக்கூடியது ஒலியும் நிறமுந்தான். வரிசை அவர்களுடையது. ஒரே வகையில் ஒரே மொழிச் சேனல்கள் அடுத்தடுத்து வரவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வைத்திருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் எந்த மொழி முதலில் என்பதை முடிவு செய்பவர் நாமல்ல. சில பெட்டிகளில் 'விருப்பப் பட்டியல்' இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. பெட்டியை அணைத்துப் போட்டால் முதலில் வந்து நிற்பது விருப்பப் பட்டியலா, விளம்பரமா? இன்று இரவே போட்டுப் பாருங்கள்.

2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை வந்தது. 'வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கொடு' என்றார்கள். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதன்மேல் வரி. தொகுப்பில் சேரும் சேனலின் உச்ச விலை 19 ரூபாய். தாளில் பார்த்தால் பழைய 'சேனல் எடிட்' உரிமையே திரும்பி வந்ததுபோல் இருந்தது. நடப்பில் என்ன ஆயிற்று? படிவத்தைப் படித்து நிரப்ப நேரமும் மொழியும் இல்லாதவர்க்கு, எங்கள் பகுதியில் பெட்டி கொடுத்த ஒருவர் தாமே ஒரு தொகுப்பைப் போட்டுவிட்டார். அதில் இந்தியும் மராட்டியும் உள்ளே. தமிழ் வெளியே, கூடுதல் பணத்துக்கு. மூன்று மாதம் கழித்துத்தான் சில குடும்பங்களுக்கே தெரிந்தது, பார்க்காத சேனல்களுக்கெல்லாம் பணம் கட்டிவந்தோம் என்று. அந்த 130 ரூபாய்க்கு இருந்த உச்சவரம்பையும் 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது.

அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்கும் சொந்தமல்ல, தனியாருக்கும் சொந்தமல்ல, மக்கள் நன்மைக்கே என்பது அதன் சாரம். மக்கள் என்றால் பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்தவனும் சேர்த்திதானே? தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கேயும் தனியார் சேனலுக்கு ஏலத்தில் பணம் கட்டினால்தான் இடம். இந்திச் சேனல்களே பெரும்பான்மை. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாறிய சேனல்தான் நமக்கு அதில் நிலையான துணை. சிலர் இந்தச் சேவையைப் பழைய நீலத்திரைப் பெட்டியிலேயே பார்க்கிறார்கள். அதைப் பரணில் போட்டுவிட வேண்டாம்.

இது வெறும் பொழுதுபோக்குச் சண்டை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியில் தமிழ் இல்லை. பாட்டியும் பெட்டியுமே அவர்களுக்குத் தமிழ் ஆசிரியர்கள். பாட்டி ஊருக்குப் போய்விட்டால் பெட்டி ஒன்றே. அந்தப் பெட்டியில் தமிழ் எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்பது, பிள்ளையின் விரல் அதுவரை போகுமா போகாதா என்கிற கேள்வி.

ஆகவே நாம் கேட்பது மூன்று. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழை அடிப்படைத் தொகுப்பிலேயே கொடு. சேனல் வரிசையை மாற்றி அமைக்கும் பக்கத்தைப் பழையபடி வீட்டார் கைக்குத் திறந்து விடு. மெனுவைத் தமிழிலும் வை. இந்த மூன்றாவதை அன்றே கேட்டிருக்க வேண்டிய தாய்மார்கள் இன்றைக்கேனும் முன்னால் நின்று கேட்க வேண்டும். இதை டிராய்க்கு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாதக் கேபிள் ரசீதையும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் கொண்டு வாருங்கள். ரசீதே தருவதில்லை என்றால் அதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். மனுவோடு இணைக்க அதுவும் தேவை.