மூன்று முறை தட்டிய கதவு

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. ரசப் பக்குவத்திலிருந்து குழந்தைக்கு மருந்து வரையில் எல்லாம் தெரிந்த மாதிரியே பேசிவிடுகிறோம், இல்லையா?

திண்டிவனத்தில் 1890-களில் நடந்த சம்பவம் இது. மிஷனரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயாருக்கு உதவியாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். இங்கேயே தங்கி ஊழியம் செய்யும் எண்ணம் அவளுக்குத் துளியும் கிடையாது.

ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார்" என்றாள் ஐடா. அந்நிய ஆடவர் வந்து பார்ப்பதா? மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐடாவுக்கு உறக்கம் வரவில்லை. விடிய விடிய ஜபம் செய்தாள். காலையில் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

"நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று பெற்றோரிடம் சொன்னாள் ஐடா. 1899-ல் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய வைத்தியம், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது.

ஜபம் செய்த மறுகணமே ஞானம் வானத்திலிருந்து கொட்டிவிடவில்லை. 'தெரியாது' என்று தலை குனிந்தவளுக்கு ஆண்டவர் காட்டியது, மாணவியாகப் பெஞ்சில் உட்காரும் வழியைத்தான்!

இன்றிரவு ஜபத்தில் அந்த ஒரு வார்த்தையை மனமாரச் சொல்லிப் பாருங்களேன், சகோதரிகளே! காலையில் யாரிடம் போய்க் கற்பது என்பது தானே விளங்கும்.