பிளான்ல மரம் இருக்கா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்க

ஹோம் லோன் போட்டு சொந்த மனையில் வீடு கட்டப் போறீங்களா? இஎம்ஐயை பைசா சுத்தமா கணக்கு போட்டிருப்பீங்க. மனையில நிக்கிற வேப்ப மரத்தை எந்தக் கணக்குல எழுதியிருக்கீங்க?

பெரும்பாலும் எதிலயும் இருக்காது. பிளான்ல செப்டிக் டேங்க்கூட இருக்கும், மரம் இருக்காது. பிளான்ல இல்லாத மரம், ஜேசிபி வர்ற முதல் நாளே போயிடும்.

மேற்கு வங்க ரயில்வே மேம்பால வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பை வருஷத்துக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. 30 வயசு மரம்னா 22,35,000 ரூபாய். இது சந்தை விலை இல்லை. யாரும் உங்களுக்கு செக் தர மாட்டாங்க. ஆனா மதிப்பு பூஜ்யம்னு நினைச்சு வெட்டுறது அதைவிடத் தப்பான கணக்கு.

அதனால மரத்தையும் சொத்துப் பதிவேட்டில் எழுதுற மாதிரி எழுதுங்க: பேர், தண்டின் சுற்றளவு, காம்பவுண்டிலிருந்து எத்தனை அடி, போட்டோ. அதை எஞ்சினியர்கிட்ட கொடுத்து பிளான்ல வரையச் சொல்லுங்க.

வேரும் முக்கியம். பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலைப்படி, தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வரை வேர்ப் பகுதியைப் பாதுகாக்கணும். 40 செ.மீ. விட்டம்னா சுமார் 16 அடி. சின்ன மனையில அவ்வளவு விட முடியாதுதான். முடிஞ்ச அளவுக்கு வேலி போட்டு, உள்ளே தோண்டாம, ஜல்லி கொட்டாம பாருங்க. கான்ட்ராக்டர் அக்ரிமென்ட்டிலும் இதை ஒரு வரி சேருங்க.

லோன் 20 வருஷத்துல முடியும். அந்த நிழல் திரும்ப வர 30 வருஷம் ஆகும். இந்த ஞாயிறு டேப்போட மனைக்குப் போயிட்டு வாங்க.