மணிக் காலணிக்கு உரிய விலை

மலாக்கா ஜோங்கர் தெருக் கடைகளில் 'காசுட் மானேக்' எனப்படும் மணிக் காலணிகளைக் காணலாம். நியோனியா மகளிரின் கைவண்ணம் அது. மலாக்காச் செட்டிச் சமூகப் பெண்களும் கெபாயாவுடன் அதனை அணிவதுண்டு.

மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கடுகினும் சிறிய கண்ணாடி மணிகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் தைத்தல் வேண்டும். ஒரு சோடிக்கு வாரங்கள் பல கழியும். நுண்ணிய வேலையாயின் மாதங்களே ஆகும். பின்னர், செருப்புத் தைப்பவர் அடிப்பாகம் பொருத்துவார். அவருக்கும் கூலியுண்டு.

இத்தகைய பொருளை இயந்திரத்தில் செய்ததன் அருகிலேயே பரப்பி வைத்து, "கைவேலை" என்று வாயால் மட்டும் சொல்லி விற்பது, விற்பவர் தமக்குத் தாமே தேடிக்கொள்ளும் கேடு. வாங்க வருவோர் பார்வையில் இரண்டும் பூப்போட்ட செருப்புதான். நூற்றுக்கணக்கான வெள்ளி என்றதும் பேரம் பேசத் தொடங்குகின்றனர். அவர்களை நோவானேன்?

மணிகளுக்கு அளவெண் உண்டு. எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11ஆம் எண்ணினும் 15ஆம் எண் நுண்ணியது. அவ்வெண்ணையும் தைத்த நாள்களின் கணக்கையும் விலைச்சீட்டில் எழுதலாமே! பாதி தைத்த சட்டம் ஒன்று கடை வாயிலில் இருக்கட்டும். பத்து மணி கோத்துப் பார்த்தவர் அப்புறம் விலை குறைக்கக் கேளார்.

மணி வாங்கும் முதலே தைப்பவரின் கைப்பணம். ஆதலால், சொல்லிச் செய்விப்போரிடம் பாதித் தொகையை முன்னதாகப் பெறுவதில் கூச்சம் வேண்டா.